மெழுகுவர்த்தியும் எக்ஸெல் ஷீட்டும்

அணுமின் நிலையத்தில் விபத்து என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கதிர்வீச்சுதான். செர்னோபில், ஃபுகுஷிமா என்று இரண்டு பெயர்கள் உடனே வந்து விழும். தீ விபத்து என்று யாரும் சொல்வதில்லை. பஞ்சாலையிலும் சமையலறையிலும் பிடிக்கிற அதே சாதாரணத் தீ. எண்ணெய் எரியும், கேபிளின் மேலுறை எரியும், யாரோ விட்டுப் போன துணி எரியும். இதற்கும் அணுவுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. ஃபேனை நிறுத்துவது போல அணு உலையை நிறுத்திவிட முடியாது. உலையை நிறுத்திய அந்த நொடியிலும் முழு வெப்பத்தில் சுமார் 6 சதவீதம் உள்ளே உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 3000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில் 1 சதவீதம் என்றால் 30 மெகாவாட். இதைத் தணிக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குப் பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குக் கேபிள் வேண்டும். அந்தக் கேபிள் எரிந்துவிட்டால்? சாதாரணத் தீ அணு விபத்தாக மாறுகிற வழி இதுதான்.

ஆகவே, "தீ பிடித்தால் எந்தக் கேபிள் எரியும், எத்தனை நிமிடத்தில் எரியும், அதற்குள் அணைத்துவிட முடியுமா, முடியாவிட்டால் உலையைக் குளிர்விக்க வேறு வழி மிச்சம் இருக்கிறதா?" என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கிறார்கள். இந்தக் கணக்குக்கென்றே தனி மென்பொருள்கள் இருக்கின்றன. கேட்பதற்கு எஞ்சினியர்கள் சமாச்சாரம் போல இருந்தாலும், வரவு செலவுக் கணக்குப் படிப்பவர்களும் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. முதலில் கதை.

எல்லாம் ஆரம்பித்த இடம்

1975 மார்ச் 22. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். இரண்டு உலைகள் முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தன. கட்டுப்பாட்டு அறைக்குக் கீழே ஒரு பெரிய அறை. நிலையத்தின் கேபிள்களெல்லாம் அங்கே வந்து பிரிந்து சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும். அந்தத் துளைகளில் காற்று கசியக் கூடாது என்பதற்காகப் பணியாளர்கள் நுரைப்பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். கசிவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருந்த கருவி ஒரு மெழுகுவர்த்தி! சுடர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டை.

சுடர் சாய்ந்தது. ஆனால் ஓட்டை வழியாகக் காற்று வேகமாக இழுத்ததில் சுடரும் சேர்ந்து உள்ளே போய் நுரைப்பஞ்சைப் பற்றிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் உலைக் கட்டடம். தீ அங்கே பரவி, கேபிள் தட்டுகள் வழியாக ஓடியது. மதியம் ஆரம்பித்த தீ இரவு எட்டு மணி நெருங்கும்போதுதான் அணைந்தது. மின்சாரக் கேபிள் மேல் தண்ணீர் அடிக்கத் தயங்கி மணிக்கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடும் ரசாயனப் பொடியும் அடித்துப் பார்த்தார்கள். கடைசியில் தண்ணீர் அடித்த கொஞ்ச நேரத்தில் தீ அடங்கிவிட்டது.

1600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் பாழாயின. முதல் உலையின் அவசரக் குளிர்விப்பு அமைப்புகள் எல்லாம் கைவிட்டன. இன்னும் பெரிய குழப்பம் என்னவென்றால், கேபிள் எரிந்தால் விளக்கு அணையும், பம்பு நிற்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அங்கே நடந்ததோ வேறு. மேலுறை உருகி உள்ளே இருக்கும் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டதால், யாரும் கை வைக்காமலே சில பம்புகள் தானாக ஓடின. கட்டுப்பாட்டு அறையில் விளக்குகள் இஷ்டத்துக்கு எரிந்து அணைந்தன. எது உண்மை, எது பொய் என்று தெரியாத நிலைமை. கட்டுப்பாட்டுக் கம்பிகளை இயக்கும் அமைப்பின் ஒரு சின்னப் பம்பையும், அவசரத் தேவைக்கு என்று வைக்கப்படாத வேறு சில பம்புகளையும் வைத்துச் சமாளித்து உலையைக் காப்பாற்றினார்கள். கதிர்வீச்சு வெளியேறவில்லை, யாரும் சாகவில்லை. உலைகள் மறுபடி ஓட ஒன்றரை வருடம் ஆனது.

20 அடி விதி

இதற்குப் பிறகு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஒரு கடுமையான விதியைக் கொண்டுவந்தது. 1980-ல் வெளியாகி 1981-ல் நடைமுறைக்கு வந்தது. உலையைப் பாதுகாப்பாக நிறுத்த இரண்டு தனித்தனிக் கேபிள் வரிசைகள் இருந்தால், இரண்டுக்கும் நடுவே 3 மணி நேரம் தீயைத் தாங்கும் சுவர் வேண்டும். இல்லையென்றால் 20 அடி இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. தானாகத் தீயை அணைக்கும் ஏற்பாடும் தீயைக் கண்டறியும் கருவியும் கூடவே இருக்க வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் எல்லா அறைக்கும் ஒரே 20 அடி. காலியான பெரிய கூடத்தில் 20 அடி என்பது தேவைக்கு அதிகமாக இருக்கலாம். தாழ்ந்த கூரை உள்ள சின்ன அறையில் புகையும் சூடும் மேலே சேர்ந்துகொண்டால் 20 அடியும் போதாமல் போகலாம். விதிப்புத்தகத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பழைய நிலையங்களோ இந்த விதி வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை. இடித்துக் கட்ட முடியாது. எனவே ஆளுக்கொரு விதிவிலக்கு கேட்டு விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் "ஒரே அளவுகோல் வேண்டாம், ஒவ்வொரு அறைக்கும் உண்மையான ஆபத்து எவ்வளவு என்று கணக்கிட்டுக் காட்டுங்கள்" என்ற வழி பிறந்தது. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் 2001-ல் 805 என்ற எண்ணுள்ள தரவிதியை வெளியிட்டது. 2004-ல் ஒழுங்குமுறை ஆணையம் அதை மாற்று வழியாக ஏற்றுக்கொண்டது. விரும்புகிற நிலையங்கள் இதற்கு மாறலாம். மெழுகுவர்த்தி எரிந்த அதே பிரவுன்ஸ் ஃபெர்ரி 2015-ல் இதற்கு மாற அனுமதி வாங்கியது.

நான்கு எண்களின் பெருக்கல்

இந்தக் கணக்கின் அடிப்படை ரொம்ப எளிது. இன்சூரன்ஸ் பிரீமியம் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். ஒரு மின் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கேள்விகள்.

ஒரு வருடத்தில் அதில் தீ பிடிக்க வாய்ப்பு எவ்வளவு? பிடித்தால் அது பெரிய தீயாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? கேபிள் பாழாவதற்குள் அணைக்க முடியாமல் போக வாய்ப்பு எவ்வளவு? கேபிள் போன பிறகு உலையைக் குளிர்விக்க வழியே இல்லாமல் போக வாய்ப்பு எவ்வளவு?

ஒரு பேச்சுக்கு, முதலாவது ஆயிரத்தில் ஒன்று, இரண்டாவது பத்தில் ஒன்று, மூன்றாவது பத்தில் ஒன்று, நான்காவது நூறில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், பெருக்கி வருவது கோடியில் ஒன்று. நிம்மதி! ஆனால் அதே அறையில் தீயணைப்புக் கருவி சரியில்லை, மூன்றாவது எண் இரண்டில் ஒன்று. மாற்றுக் கேபிளும் அதே தட்டில்தான் போகிறது, நான்காவது எண் பத்தில் ஒன்று. இப்போது பெருக்கினால் இரண்டு லட்சத்தில் ஒன்று. பெட்டி அதேதான், அறை அதேதான், ஆபத்து மட்டும் 50 மடங்கு.

உண்மையான நிலையத்தில் இப்படி ஆயிரக்கணக்கான தீக்காட்சிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் எந்தப் பம்பு, எந்த வால்வு, எந்தக் கேபிள் என்று சங்கிலி நீளும். கையால் போட முடியாது. அமெரிக்காவில் ஐடஹோ தேசிய ஆய்வகம் ஒழுங்குமுறை ஆணையத்துக்காக உருவாக்கிய சஃபையர் போன்ற மென்பொருள்கள் அந்தச் சங்கிலியைக் கூட்டிப் பெருக்கித் தருகின்றன. இதையெல்லாம் எப்படிச் செய்வது என்ற பெரிய வழிகாட்டி நூல் 2005-ல் வந்தது. ஒழுங்குமுறை ஆணையமும் மின் நிறுவனங்களின் ஆராய்ச்சி அமைப்பான எப்ரியும் சேர்ந்து எழுதியது. கண்காணிக்கிறவரும் கண்காணிக்கப்படுகிறவரும் உட்கார்ந்து கணக்கு முறையை ஒப்புக்கொண்டது நல்ல விஷயம்.

மூன்று வகைக் கருவிகள்

சரி, கேபிள் எத்தனை நிமிடத்தில் பாழாகும் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் தீயையே கணக்கிடும் மென்பொருள்கள். இவற்றில் மூன்று வகை.

முதல் வகை, நம்ப மாட்டீர்கள், எக்ஸெல் ஷீட். ஒழுங்குமுறை ஆணையம் தன் ஆய்வாளர்களுக்காக 2004-ல் வெளியிட்டது. தீயின் அளவு, தூரம், அறையின் நீள அகலம் ஆகியவற்றைப் போட்டால் சூடு எவ்வளவு என்று கட்டத்தில் விடை வரும். உதாரணமாக 500 கிலோவாட் தீ. அதில் 30 சதவீதம் கதிர்வீச்சு வெப்பமாகப் போகிறது என்று வைத்தால், 1 மீட்டர் தள்ளி இருக்கும் கேபிள் மேல் சதுர மீட்டருக்கு சுமார் 12 கிலோவாட் விழும். 2 மீட்டர் தள்ளினால் 3 கிலோவாட்தான். தூரம் இரண்டு மடங்கானால் சூடு நான்கில் ஒரு பங்கு. சூட்டில் உருகுகிற பிளாஸ்டிக் உறை போட்ட கேபிளுக்கு 6 கிலோவாட் அல்லது 205 டிகிரி வந்தால் பாழ் என்றும், உருகாத உறை போட்டதற்கு 11 கிலோவாட் அல்லது 330 டிகிரி என்றும் 2005 வழிகாட்டி சொல்கிறது. அதாவது 1 மீட்டரில் இரண்டும் போச்சு, 2 மீட்டரில் இரண்டும் தப்பும்.

இரண்டாவது வகை, அறையை இரண்டு அடுக்காகப் பிரித்துப் பார்ப்பது. மேலே சூடான புகை அடுக்கு, கீழே குளிர்ந்த காற்று அடுக்கு. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தின் சிஃபாஸ்ட், பிரான்ஸ் மின்வாரியமான ஈ.டி.எஃப்-இன் மேஜிக் இரண்டும் இந்த வகை. அடுத்தடுத்த பல அறைகளைச் சேர்த்துப் போட்டாலும் விடை சீக்கிரம் வந்துவிடும்.

மூன்றாவது வகை, அறையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் ஓட்டத்தையும் சூட்டையும் கணக்கிடுவது. நிஸ்ட் 2000-ல் வெளியிட்ட எஃப்.டி.எஸ். இந்த வகை. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தீ பிடித்து எரிவது போலவே திரையில் படம் ஓடும். ஒரு கணக்கு முடியச் சில சமயம் நாள்கணக்கில் கம்ப்யூட்டர் ஓட வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. இந்த மூன்று வகையிலுமே, தீ எவ்வளவு பெரிது என்பதை வழக்கமாக மென்பொருள் கண்டுபிடிப்பதில்லை. அதை உட்கார்ந்திருக்கும் மனிதர்தான் தட்டச்சு செய்கிறார். "500 கிலோவாட்" என்று போட்டால் 500-க்கு விடை வரும். 50 என்று போட்டால் 50-க்கு வரும். தவறான எண்ணைப் போட்டீர்களே என்று எக்ஸெல் கோபித்துக்கொள்ளாது. மேலே சொன்ன 1 மீட்டர் கணக்கையே பாருங்கள். அந்தச் சூத்திரம் தீயை ஒரு புள்ளியாகப் பாவிக்கிறது. தீயே ஒரு மீட்டர் அகலம் என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் அந்தச் சூத்திரம் சரிவராது. ஆனாலும் கட்டத்தில் 12 என்று அழகாக விடை வந்து நிற்கும்!

கருவிக்கே பரீட்சை

இது தெரிந்துதான், கருவிகளுக்கே பரீட்சை வைத்தார்கள். 2007-ல் வெளியான ஆய்வில் எக்ஸெல் வகை இரண்டு, அடுக்கு வகை இரண்டு, எஃப்.டி.எஸ். ஒன்று என ஐந்து கருவிகளை எடுத்து, உண்மையாகவே தீ வைத்து நடத்திய 26 சோதனைகளின் முடிவோடு ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு பாடத்திலும் பச்சை, மஞ்சள் என்று நிறம் கொடுத்தார்கள். புகை அடுக்கின் வெப்பநிலையைச் சொல்வதில் சிஃபாஸ்ட்டும் எஃப்.டி.எஸ்-ஸும் பச்சை வாங்கின. புகையின் அடர்த்தியைச் சொல்வதில் இரண்டுமே மஞ்சள். நாள்கணக்கில் ஓடும் பெரிய மென்பொருள் என்பதற்காக எஃப்.டி.எஸ்-க்குச் சலுகை கிடைக்கவில்லை. 2016-ல் வந்த தொடர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு கருவியும் சராசரியாக எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு சிதறுகிறது என்பதை எண்ணாகவே கொடுத்துவிட்டது.

தராசு வாங்கும்போதே "இது கிலோவுக்கு 20 கிராம் கூடக் காட்டும்" என்று எழுதிக் கொடுப்பது மாதிரி இது. அப்படித் தெரிந்த தராசை நம்பி வியாபாரம் செய்யலாம். குறையே இல்லை என்று சொல்லப்படும் தராசைத்தான் நம்பக் கூடாது.

கருவிக்குள் இல்லாத தீ

பரீட்சையில் தேறிய கருவியும் தனக்குச் சொல்லிக் கொடுக்காததைச் சொல்லாது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பெரும் பூகம்பம் வந்தபோது உலகமே ஃபுகுஷிமாவைப் பார்த்தது. அதே நாளில் ஒனகாவா அணுமின் நிலையத்தின் முதல் உலையில், டர்பைன் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த உயர் மின்னழுத்தப் பெட்டியில் குலுக்கலால் மின்பொறி வெடித்துத் தீ பிடித்தது. அன்று இரவுதான் அணைந்தது. இப்படி மின்பொறி வெடித்தால் பக்கவாட்டில் 3 அடி, மேலே 5 அடி வரை சேதம் என்று 2005 வழிகாட்டியில் ஓர் அளவு இருந்தது. பிறகு பல நாடுகள் சேர்ந்து செய்த சோதனைகளில், அலுமினியப் பாகங்கள் இருந்தபோது எதிர்பார்த்ததைவிட அதிகச் சேதம் ஆனது. 2017-ல் அமெரிக்க ஆணையம் இதைப் பற்றி நிலையங்களுக்கு எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியது. பல வருட வேலைக்குப் பிறகு 2023-ல் புதிய கணக்கு முறை வந்தது. அதுவரை எல்லாக் கம்ப்யூட்டரிலும் 3 அடி, 5 அடிதான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தியாவிலும் ஓர் உதாரணம் உண்டு. 1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைனின் இரண்டு தகடுகள் உடைந்து பறந்தன. டர்பைன் நிலைகுலைந்து ஆட, ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. எண்ணெய் எரிந்தது, கேபிள் எரிந்தது. மாற்று மின்சாரத்துக்கான கேபிள்களும் தகுந்த தடுப்பு இல்லாமல் அருகிலேயே போனதால் அவையும் போயின. சுமார் 17 மணி நேரம் நிலையம் முழுக்க மின்சாரம் இல்லை. புகையால் கட்டுப்பாட்டு அறையை விட்டே வெளியேற வேண்டி வந்தது. டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளின் தண்ணீரால் உலையைக் குளிர்வித்தார்கள். உலை மறுபடி உயிர்பெற்றுவிடாமல் இருக்க, ஊழியர்கள் கையாலேயே வால்வுகளைத் திறந்து போரான் கலந்த திரவத்தை உள்ளே இறக்கினார்கள். கதிர்வீச்சு வெளியேறவில்லை. பிரவுன்ஸ் ஃபெர்ரி முடிந்து 18 வருடம் கழித்து, வேறொரு கண்டத்தில், ஏறக்குறைய அதே பாடம். இடைப்பட்ட காலத்தில் உலகத்துக்கு அது தெரியாமல் இல்லை.

பேரேட்டில் ஏறாத பதிவு

கணக்குப் பதிவியல் படித்த எவருக்கும் இருப்பாய்வு என்றால் தெரியும். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் சமமாக வந்துவிட்டால் ஒரு நிம்மதி. ஆனால் பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள், இருப்பாய்வு சமமாக வந்துவிட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு நடவடிக்கையைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பேரேட்டில் இரண்டு பக்கமும் எடுத்தெழுதாமல் விட்டுவிட்டால் இருப்பாய்வு எதையும் காட்டிக்கொடுக்காது. அதற்குப் பெயர் விடு பிழை.

தீ ஆபத்துக் கணக்கிலும் இதே கதைதான். நான்கு எண்களில் முதல் எண், அதாவது வருடத்துக்கு எத்தனை முறை தீ பிடிக்கும் என்பது, எங்கிருந்து வருகிறது? நிலையங்களில் இதுவரை பிடித்த தீக்களின் பதிவேட்டிலிருந்து. "சின்னத் தீதானே, அணைத்துவிட்டோமே" என்று விட்டுவிட்ட தீ அந்தப் பேரேட்டில் இல்லை. இரண்டாவது எண் அறைக்குள் என்னென்ன எரியும் பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. யாராவது நேரில் நடந்து போய், மூலையில் வைத்த எண்ணெய் டிரம்மையும் சாரம் கட்டிய மரத்தையும் பார்த்து எழுத வேண்டும். அதனால்தான் இந்த ஆய்வுகளில் நிலையத்துக்குள் அறை அறையாக நடந்து பார்ப்பது கட்டாயமான ஒரு வேலை.

அப்படியென்றால் மென்பொருள் வீணா? நிச்சயமாக இல்லை. 20 அடி விதி எந்த அறை ஆபத்தானது என்று சொல்லாது. இந்தக் கணக்கு சொல்லும். எங்கே பணம் செலவழித்தால் ஆபத்து 50 மடங்கு குறையும், எங்கே செலவழித்தால் வீண் என்று காட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், "பத்தில் ஒன்று என்று ஏன் போட்டாய்?" என்று ஒருவரை நிறுத்திக் கேட்க முடியும். மனதுக்குள் இருக்கும் துணிச்சல் எண்ணாகக் காகிதத்துக்கு வந்துவிடுகிறது. காகிதத்துக்கு வந்ததைத் தணிக்கை செய்யலாம். மனதுக்குள் இருப்பதை யார் தணிக்கை செய்ய முடியும்?

பிரவுன்ஸ் ஃபெர்ரியில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும். 1975 மார்ச் 22-க்கு இரண்டு நாள் முன்பு, அதே வேலையின்போது அதே போல ஒரு சின்னத் தீ பிடித்தது. உடனே அணைத்துவிட்டார்கள். அதை நிலையத்தின் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார்கள். ஆனால் மெழுகுவர்த்தி மாறவில்லை, நுரைப்பஞ்சும் மாறவில்லை. குறிப்பேட்டில் ஏறியது பேரேட்டுக்குப் போகவில்லை. இன்று இருக்கும் எந்த மென்பொருளை அன்று அங்கே வைத்திருந்தாலும், அந்த ஒரு வரியை யாராவது எடுத்துப் படித்து உள்ளே போட்டிருந்தால்தான் அதற்குப் பயன். அதை எடுத்துப் படிக்கிற வேலை இன்றைக்கும் மனிதருடையதுதான்.